முப்பதாவது பெல்ட்

ரேணுகா மலையம்மாளுக்கு முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தாள். அசல் இருபத்தெட்டாயிரம், மீதி பாங்கி வட்டி. மலையம்மாள் வட்டிக்கு விடுகிறவள் அல்ல, கல்யாண வீடுகளில் காய் நறுக்கப் போகிறவள். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வேலைக்காகப் பழைய ஸ்கூட்டர் வாங்க வழியில்லாமல் நின்றபோது, காதில் கிடந்த தோட்டைக் கழற்றிப் பாங்கியில் வைத்துப் பணம் எடுத்துக் கொடுத்தாள். ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க இரண்டு காதிலும் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டாள். ஒரு வருஷமாக அந்தக் குச்சிகளோடுதான் மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கினாள். போன வாரம் பாங்கியிலிருந்து கடுதாசி வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் தோடு ஏலம்.

இதை எழுதுகிறவன் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் மூட்டை தூக்கிய இதே கையால் காரைக்குடியில் ஆறு வீடு வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறவன். அந்த ஆறில் இரண்டில்தான் இந்த இரண்டு பெண்களும் குடியிருக்கிறார்கள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் வாடகை ஒழுங்காக வருமா வராதா என்று சொல்லிவிடுகிற கண், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ரேணுகாவைப் பார்த்ததும் அட்வான்ஸில் பாதியைத் தள்ளிக் கொடுத்த வீட்டுக்காரன் அவன். இதற்குமேல் அவனைப் பற்றிப் பேச்சு வேண்டாம். கதை ரேணுகாவுடையது.

தேவகோட்டையில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு காரைக்குடியில் கோட்டைச்சாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். லாரி ஓட்டினான், நன்றாகத்தான் சம்பாதித்தான். ஒரு நாள் தார்ப்பாய் கட்டும்போது லாரி மேலிருந்து விழுந்து முதுகெலும்பு பிசகிப்போனது. இப்போது ஒரு மண்டபத்தில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். அன்றிலிருந்து வீட்டை இழுப்பது ரேணுகாதான். ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றாள். சொட்டு மருந்து கொடுக்கப் போனாள். கணக்கெடுப்புக்கு வீடு வீடாக ஏறினாள். எங்கே போனாலும் ஒரு காகிதம் விடுபடாது, ஒரு கணக்குக் குறையாது. அந்தப் பெயரை வைத்துத்தான் இந்த வேலை வந்தது. வருகிறது வருகிறது என்று நாலு மாதம் இழுத்து, பிறகு வந்தது. எட்டு மாதமாகப் பார்க்கிறாள். முதல் ஆறு மாதக் கூலியைக் கோட்டைச்சாமியின் முதுகு தின்றுவிட்டது.

வேலை இதுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடியாடுகிறார்கள், எவ்வளவு நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கிறார்கள் என்று ஒரு ஆராய்ச்சி. பிள்ளைகளைக் கேட்டால் எல்லாருமே நாலு மணி நேரம் கபடி ஆடியதாகத்தான் சொல்வார்கள். அதனால் கேட்பதில்லை, அளக்கிறார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு சிவப்புப் பெட்டி, அதைக் கோத்த கறுப்பு எலாஸ்டிக் பெல்ட். காலையில் எழுந்ததும் இடுப்பில் மாட்ட வேண்டும், படுக்கும்போது கழற்ற வேண்டும், குளிக்கும்போது மட்டும் விலக்கு. ஏழு நாள் கட்டவேண்டும். அதில் நாலு நாளாவது பத்து மணி நேரம் இடுப்பில் இருந்திருந்தால்தான் அந்தப் பிள்ளை கணக்கில் சேரும். உடம்பு அசைந்தால் பெட்டி அதை எழுதிக்கொள்ளும்.

சொல்லுவதற்குச் சுலபம். பிள்ளைகளை வைத்து வேலை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பையன் தன் நாய்க்கு மாட்டிவிட்டான். கம்ப்யூட்டரில் பார்த்தால் அந்தப் பையன் விடிய விடியத் தெருவில் ஓடியிருக்கிறான். இன்னொரு வீட்டில் சர்க்கார் சாமான் என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார்கள். ஏழு நாளும் பெட்டி நல்ல தூக்கம்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாத சங்கதி ஒன்று உண்டு. ஒரு பெட்டி பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். தொலைந்தால் ரேணுகாவின் கூலியில் பிடித்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இரண்டு மாதக் கூலி இப்போது பாக்கி. முப்பது பெல்ட்டும் எண்ணிக்கை குறையாமல் வந்தால்தான் பில். மதுரையிலிருந்து மேற்பார்வையாளர் மெய்யநாதன் சனிக்கிழமை நாலு மணிக்குப் பணத்தோடு வருகிறார். எல்லாம் சரியாக இருந்தால் முப்பத்து மூவாயிரத்து இருநூற்று ஐம்பது கைக்கு வரும். மலையம்மாளுக்குக் கொடுத்ததுபோக ஒரு மூட்டை அரிசிக்கும் ஆகும். ஒரு பெட்டி குறைந்தால் தோட்டுக்குப் பாதிதான் தேறும்.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் பெல்ட்டுகளைத் திரும்ப வாங்கினாள். எண்ணினாள். இருபத்தொன்பது. திரும்பவும் எண்ணினாள். பையைக் கவிழ்த்து பெஞ்சின் மேல் வரிசையாக அடுக்கி எண்ணினாள். இருபத்தொன்பதுதான்.

"அக்ஷரா எங்க?"

"திங்கக்கிழமை மத்தியானத்துலருந்து வரல மிஸ்."

"ஏன்?"

பின்பெஞ்சில் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். "காச்சல் மிஸ்," என்றாள் ஒருத்தி. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

காய்ச்சலுக்கு எதற்குச் சிரிப்பு என்று யோசிக்கிற நிலையில் ரேணுகா இல்லை. ஸ்கூட்டரைக் கொத்தமங்கலத்துக்கு விட்டாள். வழியெல்லாம் பதினேழாயிரத்து ஐந்நூறு, பதினேழாயிரத்து ஐந்நூறு என்று வண்டிச் சத்தமே சொல்வதுபோல இருந்தது.

அக்ஷராவின் அம்மா சந்திரலேகா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு உள்ளே நின்றபடியே பேசினாள்.

"காச்சல் டீச்சர். பிள்ளை படுத்திருக்கா. பெட்டி பத்திரமா இருக்கு. திங்கக்கிழமை வந்து வாங்கிக்கிருங்க."

"நாளைக்கு நாலு மணிக்கு நா ஒப்படைக்கணும்க்கா. பெட்டிய மட்டும் எடுத்துக் குடுத்துருங்க, நா பிள்ளையப் பாக்கக்கூட வேணாம்."

"எடுக்க முடியாது டீச்சர். பீரோச் சாவி அவுக அப்பாகிட்ட இருக்கு."

பொய் சொல்லத் தெரியாதவள் சொல்லுகிற பொய். ரேணுகாவின் கண் அவள் தோளுக்குமேல் வீட்டின் பக்கவாட்டுக்குப் போயிற்று. அங்கே சுவரை ஒட்டிப் பச்சைத் தென்னங்கீற்று நாலைந்து சாத்திவைத்து ஒரு மறைப்பு. கீற்று வெட்டி நாலு நாள்கூட இருக்காது. மறைப்புக்கு வெளியே ஒரு தட்டும் தம்ளரும் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தன.

ரேணுகா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, பிள்ளை பெரிய மனுஷி ஆயிட்டாளா?"

சந்திரலேகா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, படாரென்று கேட்டைத் திறந்து அவளை உள்ளே இழுத்தாள்.

"சத்தமாப் பேசாதீக டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என் தம்பி சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு ஞாயித்துக்கிழமை காலைல வாரான். தாய்மாமன் வந்து சடங்குத் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஊரு வாயில விழுந்துச்சுன்னா அவன் என் மூஞ்சில முழிக்க மாட்டான். போன்ல சொல்லக்கூடாது, நேர்ல வெத்தல பாக்கு வச்சுத்தான் சொல்லணும்னு எங்க அய்யா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. பள்ளிக்கூடத்துலயும் காச்சல்னுதான் சொல்லிருக்கு."

ரேணுகாவுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அவள் வயதுக்கு வந்த சேதி தேவகோட்டைக் கடைத்தெருவில் வேறு ஒருத்தர் வாயால் அவள் தாய்மாமன் காதுக்குப் போனது. ஏழு வருஷம் அவர் வாசற்படி மிதிக்கவில்லை. அவள் கல்யாணத்துக்கும் வரவில்லை. மாமன் இல்லாத மணவறையில் அவள் அம்மா அழுத அழுகை அவளுக்கு மறக்காது.

"நா யாருகிட்டயும் சொல்லலக்கா. சத்தியம். பெட்டிய மட்டும் குடுங்க."

சந்திரலேகாவின் முகம் அப்போதுதான் உண்மையாகவே வெளுத்தது.

"பெட்டி..." என்றாள். "அன்னிக்கி மத்தியானம் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டியாந்தேன். எங்க நாத்தனாளும் நானுமா போட்டிருந்ததை அப்படியே கழட்டிச் சுருட்டி வச்சுட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்துனோம். முறைப்படி அந்தத் துணி எங்களுக்கு வெளுக்கிற சிட்டாளுக்குத்தான. சாயங்காலம் அவளை வரச்சொல்லிக் குடுத்துட்டேன். இடுப்புல இருந்தது நெனப்பே இல்ல டீச்சர். மறுநாள்தான் பிள்ளை கேட்டா, அம்மா என் பெல்ட் எங்கன்னு."

"சிட்டாள் எங்க இருக்காக? நா போயி வாங்கிக்கிறேன்."

"அய்யோ, எங்க வீட்டுப் பேரச் சொல்லிக் கேட்டுறாதீக! அந்தத் துணியோட போனது போனதுதான். குடுத்ததைத் திருப்பிக் கேட்டா பிள்ளைக்கு ஆகாது." பிறகு ஒரு அடி கிட்டே வந்தாள். "டீச்சர், அந்தப் பெட்டி எல்லாத்தையும் எழுதிக்கிருமா? அன்னிக்கி நடந்தது அங்குட்டுக் கம்ப்யூட்டர்ல தெரியுமா?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. ஆடுனா ஆடுச்சுன்னு எழுதும். சும்மா இருந்தா சும்மா இருக்குன்னு எழுதும். அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். அந்தத் துணியைச் சிட்டாள் என்ன செய்திருப்பாள்? துவைத்திருப்பாள். அல்லது இது என்ன குப்பை என்று தூக்கி எறிந்திருப்பாள்.

சிட்டாள் இருப்பது காரைக்குடியில், செக்காலைப் பக்கம் ஒரு சந்தில். மகன் சலவைக் கடை வைத்திருக்கிறான். கொத்தமங்கலத்து வீடுகளுக்கு அவள் ஆத்தா காலத்திலிருந்து வெளுத்த குடும்பம். ஊரைவிட்டு வந்து இருபது வருஷம் ஆகியும், இந்த மாதிரிக் காரியம் என்றால் அவளுக்குத்தான் போன் வரும். ரேணுகா விசாரித்துக்கொண்டு போனபோது அறுபது வயதுக்கு நிமிர்ந்த முதுகோடு நின்று ஒரு வேட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு தாயி, இஸ்திரிக்கா?"

"இல்லக்கா. கொத்தமங்கலத்துல சந்திரலேகா வீட்டுல திங்கக்கிழமை ஒரு துணி வாங்கிட்டு வந்தீகள்ல..."

சிட்டாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவுக அனுப்புனாகளா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

"அப்ப நீ யாரு?"

ரேணுகா சொன்னாள். ஆராய்ச்சி, பெல்ட், நாளைக்கு நாலு மணி, எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். சிட்டாள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே கறுப்பு பெல்ட், சிவப்புப் பெட்டி. ரேணுகாவின் கை தானாக நீண்டது. சிட்டாள் முடிச்சைத் திரும்பப் போட்டு இழுப்பறையில் வைத்து மூடினாள்.

"தாயத்துன்னு நெனச்சேன். வயசுக்கு வார பிள்ளைக்கு இடுப்புல காத்துக்கறுப்பு அண்டாம கட்டுவாகள்ல, அது மாதிரி. அதான் எறியாம வச்சிருக்கேன்."

"தண்ணி பட்டுருச்சாக்கா?"

"தண்ணியா? சோப்பும் பட்டுச்சு. கல்லுல அடிச்சிருப்பேன்னு பாக்குறியா? அதெல்லாம் எங்க ஆத்தாவோட போச்சு. மகன் மிஷின் வாங்கிப் போட்டிருக்கான். செவ்வாக்கிழமை காலைல பாவாடை, சுடிதார் எல்லாத்தையும் உள்ள தள்ளி மூடிட்டேன். கடகடகடன்னு ஒரே சத்தம். பிள்ளை பையில காசு கிடக்குது போலன்னு நெனச்சேன். மிஷின் நிக்கவும் பாத்தா இது."

ரேணுகா அங்கே கிடந்த துணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்தாள். தண்ணீர் தாங்கும் பெட்டி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சலவை மிஷின் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"பரவால்லக்கா. குடுங்க, நா கொண்டுபோயிப் பாத்துக்கிறேன்."

"குடுக்க மாட்டேன்."

"அக்கா?"

"உன் மேல எனக்கு என்ன தாயி கோவம்? அந்த வீட்டுல மூணு தலைமுறைக்கு நாங்க செஞ்சிருக்கோம். பிள்ளை சமைஞ்சா எங்களுக்கு ஒரு மரக்கா அரிசி, தேங்கா, வெத்தல பாக்கு, ஒரு கோடிச் சேலை. முன்வாசல்ல நிக்கவச்சுக் குடுக்கணும். இவ என்ன செஞ்சா? இருட்டுக்குள்ள திருட்டுப் பய மாதிரிக் கொல்லைப்பக்கமா வரச்சொல்லி, அம்பது ரூவாயக் கையில திணிச்சுப் போயிட்டு வான்னு அனுப்புறா. எனக்கு அம்பது ரூவா பெருசா? என் மகன் ஒரு நாளைக்கு ஆயிரம் ரூவாய்க்குத் துணி தேய்க்கிறான். முறை எங்க? பெட்டி இங்கதான் இருக்கு, களவு போகாது. முறைய அனுப்பச்சொல்லு. அவ கேக்கவே வேணாம், நானாக் குடுப்பேன்."

ரேணுகா மலையம்மாளின் காதைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். சிட்டாள் உச்சுக்கொட்டினாள், பாவம் என்றாள், தேநீர்கூட வாங்கிக் கொடுத்தாள். இழுப்பறையை மட்டும் திறக்கவில்லை. எழுதுகிறவன் இதில் சிட்டாளைக் குறை சொல்லமாட்டான். தன் கூலியைக் குறைத்தால் பொறுத்துக்கொள்ளலாம், தன்னைக் குறைத்தால் எப்படிப் பொறுப்பது?

அன்று சாயங்காலம் மலையம்மாள் வாசலில் நின்று கேட்டாள். "ஏத்தா ரேணு, நாளைக்குத்தான சாரு வாராரு?"

"ஆமாக்கா, நாளைக்குத்தான்," என்றாள் ரேணுகா. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பார்த்தால் காதுதான் தெரியும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கொத்தமங்கலத்தில் போய் நின்றாள். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். அது மிரட்டல் மாதிரிதான் இருந்தது, ஆனால் அத்தனையும் நிஜம்.

"அக்கா, பெட்டி இன்னைக்கு நாலு மணிக்குப் போகலேன்னா எங்க சாரு என்னைய மட்டும் கேட்டுட்டு விடமாட்டாரு. எந்தப் பிள்ளை கட்டுச்சோ அந்த வீட்டுக்கு நேரா வருவாரு. போர்டு போட்ட ஆபீஸ் கார்ல. பெல்ட்டு எப்ப கழண்டுச்சு, ஏன் கழண்டுச்சுன்னு வாசல்ல நின்னு எழுதுவாரு. தெருவே வேடிக்கை பாக்கும்."

சந்திரலேகா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலைல தம்பி வர்ற நேரத்துக்கா?"

"அதுக்குத்தான் சொல்றேன். சிட்டாளுக்குச் செய்யவேண்டியதைச் செஞ்சுருங்க. நீங்க எதையும் திருப்பிக் கேக்கல. முறை செய்றீக, அம்புட்டுத்தான். நா கொண்டுபோயிக் குடுக்குறேன்."

"முன்வாசல்ல வச்சுக் குடுக்கணும்பாளே?"

"போன் போட்டு நீங்களே சொல்லுங்க. தம்பி வந்ததும் முன்வாசலுக்குக் கூப்புடுறேன், இப்ப இதை ஏத்துக்கன்னு வாய்விட்டுச் சொல்லுங்க."

போனில் சந்திரலேகா எப்படிப் பேசினாள் என்பதைக் கேட்டிருக்கவேண்டும். முதலில் கெத்தாக ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கி, "தப்புத்தான் சிட்டாக்கா, பதட்டத்துல செஞ்சுட்டேன், ஞாயித்துக்கிழமை பிள்ளை நடக்க நீதான் வந்து மாத்துத் துணி விரிக்கணும்," என்று முடிந்தது. பிள்ளையின் அத்தைக்கு என்று எடுத்து வைத்திருந்த சேலை ஒன்று பீரோவிலிருந்து வெளியே வந்தது. பீரோச் சாவி சந்திரலேகாவின் இடுப்பில்தான் இருந்தது.

அரிசிப் பையைக் காலுக்கிடையிலும், தேங்காயும் சேலையும் வைத்த தட்டைப் பைக்குள்ளும் வைத்துக்கொண்டு ரேணுகா காரைக்குடிக்கு வண்டியை விரட்டினாள். சிட்டாள் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். சேலையைப் பிரித்து முந்தானையைத் தடவிப் பார்த்தாள். அவசரமே படவில்லை. ரேணுகாவுக்கோ நெற்றிப் பொட்டு வேர்வையில் கரைந்து இறங்கியது. பிறகு இழுப்பறை திறந்தது.

"இந்தா தாயி. செத்துப்போச்சா இருக்கான்னு நீயே பாத்துக்க."

பெட்டியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அதில் விளக்கு கிடையாது, கடிகாரம் கிடையாது. கம்ப்யூட்டரில் செருகினால்தான் தெரியும்.

புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு வாடகை அறை. அதுதான் ஆபீஸ். மெய்யநாதன் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே லேப்டாப்பைத் திறந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கென்று வந்தால் கறார். வேறு ஜில்லாவில் ஒரு ஆள் வீடு வீடாகப் போகச் சோம்பல்பட்டு, பத்து பெல்ட்டை மின்விசிறியில் கட்டிச் சுற்றவிட்டு மாட்டிக்கொண்டான். அவனுடைய பேட்ச் முழுக்க ரத்து, ஒரு பைசா கூலி இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் இவர்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று செருகிச் செருகி எடுத்தார். இருபத்தொன்பது சரி. முப்பதாவதைச் செருகினார். திரையில் ஒன்றும் வரவில்லை. பிடுங்கி ஊதிவிட்டுத் திரும்பச் செருகினார். ரேணுகா கண்ணை மூடிக்கொண்டாள். குன்றக்குடி முருகா, நடந்தே வருகிறேன் என்றாள் மனதுக்குள்.

"ம், வருது," என்றார் மெய்யநாதன்.

ரேணுகா கண்ணைத் திறந்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரேணுகாம்மா, இங்க வாங்க. வெள்ளி, சனி, ஞாயிறு சரி. திங்கக்கிழமை மத்தியானத்தோட அசைவு நின்னு போச்சு. சாயங்காலம் கொஞ்சம் குலுங்கியிருக்கு, ஏதோ வண்டில போன மாதிரி. செவ்வாக்கிழமை காலைல பாருங்க, நாப்பது நிமிஷம். இது என்ன? மனுஷப் பிள்ளை ஓடுற ஓட்டமா இது? பம்பரம் மாதிரி சுத்தியிருக்கு. அப்புறம் இன்னைக்கு வரைக்கும் பொணம்."

"சலவை மிஷின்ல போயிருச்சு சார். துணியோட."

"அவங்க வீட்டு மிஷினா?"

"இல்ல சார். வெளியில."

"ஸ்கூல் பொண்ணு இடுப்புல இருந்த பெல்ட் வெளியில எதுக்குப் போகுது? திங்கக்கிழமை கழண்டதை நீங்க சனிக்கிழமை வரைக்கும் எனக்குச் சொல்லவே இல்ல. நாலு நாள் கணக்குக் காட்டணும்னு யாராவது எதுலயாவது கட்டிச் சுத்தவிட்டாங்களா?"

"அய்யோ, இல்ல சார்!"

"நீங்க செஞ்சீங்கன்னு நான் சொல்லல. ஆனா மேல கேப்பாங்க. பேட்ச் முழுக்க நிறுத்தி வைப்பாங்க." எழுந்து கார் சாவியை எடுத்தார். "கொத்தமங்கலம்தானே? வாங்க, அரை மணி நேரத்துல நேர்லயே கேட்டுட்டு வந்துருவோம். அவங்க சொன்னா முடிஞ்சு போச்சு."

முடிந்துதான் போகும். சந்திரலேகா ஒரு வார்த்தை சொன்னால் ரேணுகாவின் கணக்கு நேராகிவிடும், முழுப் பணமும் இப்போதே வந்துவிடும். போர்டு போட்ட கார் அந்தத் தெருவில் போய் நிற்கும். நாளைக் காலையில் ஒரு தாய்மாமன் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவதற்குள் டீக்கடையில் எவனாவது அவனுக்குச் சேதி சொல்லியிருப்பான்.

ரேணுகா கதவுக்கு முன்னால் நின்றாள். தான் அங்கே போய் நின்றதே அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"வேணாம் சார். பெல்ட்டை நா சரியாக் கவனிக்கல. திங்கக்கிழமையே கழண்டுருச்சு, நா போயிப் பாக்கல. என் தப்பு. எழுதித் தாரேன்."

மெய்யநாதன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "எட்டு மாசத்துல உங்க ஃபைல்ல இப்படி ஒரு காகிதம் கிடையாதும்மா. எழுதிக் குடுத்தா அந்தப் பொண்ணு கணக்குக்கு உள்ள கூலி போகும், முழு பேட்சுக்கு உள்ள ஊக்கத் தொகையும் போகும். ஆயிரத்து எழுநூத்து முப்பது ரூபாய். யோசிச்சுக்கங்க."

"எழுதுறேன் சார்."

எழுதினாள். ஒரு கணக்கும் குறையாதவள் என்று பெயரெடுத்தவள், "என் கவனக்குறைவால்" என்று தன் கையாலேயே எழுதும்போது, எழுத்து அவளுடையது மாதிரியே இல்லை. அரிசி மூட்டைக்கு என்று மனதுக்குள் ஒதுக்கியிருந்த பணம் அந்த ஒரு வரியோடு போயிற்று. பேட்ச் நிற்காது என்ற நிச்சயமும் அவளுக்கு இல்லை. மெய்யநாதன் காகிதத்தை இரண்டு முறை படித்தார். கார் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு ஸ்டேப்ளரை எடுத்தார். வவுச்சரில் தொகையை அடித்துத் திருத்தினார். முப்பத்தோராயிரத்து ஐந்நூற்று இருபது.

ரேணுகா கையெழுத்துப் போட்டாள். பணத்தை அங்கேயே எண்ணினாள். படியிறங்கி ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று மறுபடியும் எண்ணினாள்.

மலையம்மாள் அன்று ஒரு மண்டபத்தில் மறுநாள் முகூர்த்தத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சமையல்கட்டுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் அரிவாள்மனையும் கூடையுமாக வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பூசணித் துண்டுகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. ரேணுகா வாசலில் தெரிந்ததும் ஒருத்தி கத்தினாள்.

"மலை, உன் தோட்டை ஏலத்துல எடுக்க ஆள் வந்திருச்சுடி!"

எல்லாரும் சிரித்தார்கள். மலையம்மாள் சிரிக்கவில்லை. ரேணுகாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நனைந்துபோயிருந்த ஜாக்கெட், கலைந்த தலை, கரைந்த பொட்டு. என்ன நினைத்தாளோ, அரிவாள்மனையை மடக்கி ஓரமாகத் தள்ளினாள்.

"என்னாத்தா, இல்லன்னு சொல்ல வந்தியா? இங்குட்டு வச்சுச் சொல்லாத. வா, வெளிய போவோம்."

"இல்லக்கா. கையக் காட்டுங்க."

"கை பூராவும் பூசணிப் பிசினு."

"பரவால்ல. காட்டுங்க."

மலையம்மாள் முந்தானையில் கையை அழுத்தித் துடைத்தாள். விரல் இடுக்கெல்லாம் துடைத்தாள். பிறகு வலது கையை விரித்து நீட்டினாள். ரேணுகா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, பையிலிருந்து கட்டைப் பிரித்து, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒவ்வொன்றாக அந்தக் கையில் இறங்கியது. நாற்பதில் கை நிறைந்து தாள்கள் சரிந்தன. மலையம்மாள் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அறுபத்திரண்டு என்று சொல்லி நிறுத்தி, ரேணுகா மீதியில் நாலு நூறு ரூபாய்த் தாளை விரித்துக் காட்டி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அதே கையில் வைத்தாள்.